இருநூற்றுப் பதினான்கு கருத்துகள்

பள்ளத்தாக்குத் தோட்டப்பயிர் மேம்பாட்டுக் கழகத்தில் அதுவரை பதினொரு குழுக்கள் இருந்தன. கருத்துகளுக்கென்று மட்டும் குழு இல்லை. இந்தக் குறையை இணை இயக்குநர் வைகுண்டராஜ் சென்ற பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் கண்டுபிடித்தார். மாலைக்குள் நிவர்த்தி செய்தார். பெரியகுளத்தில் உள்ள தலைமை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளில் சமூக ஊடகங்களில் தாங்கள் தெரிவித்த கருத்துகளின் எண்ணிக்கையைப் பணியாளர்கள் பத்து நாட்களுக்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். கருத்து இல்லாதவர்கள் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

கோப்புப் பிரிவின் இளநிலை உதவியாளர் நாகஜோதி 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அவளுக்கு அதில் தயக்கமே வரவில்லை. காலையில் கெங்குவார்பட்டியில் பேருந்து ஏறி, மாலையில் அங்கேயே போய் இறங்குகிறவள். கருத்துச் சொல்ல அவள் வீட்டில் வேறு ஆள் இருந்தான்.

அவள் கணவன் கர்ணன் பெரியகுளம் மூன்றாந்தல் பக்கம் பதினாறு வருடம் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள் அது முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். புதுப்போன், பழைய கேம், நேற்றைய கிரிக்கெட், நாளைய தேர்தல், எதைக் கேட்டாலும் கர்ணனிடம் ஒரு கருத்து இருக்கும். பெரும்பாலும் அது தவறாகவும் இருக்கும். ஆனால் அவன் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. கடைக்கு வந்தவர்கள் போனை நீட்டிவிட்டு அந்தத் துணியைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு யாராலும் முக்கால் மணி நேரம் உட்கார முடியாது. கர்ணன் கடையை மூடினான்.

வீட்டில் அவன் முதல் நான்கு மாதம் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் நாகஜோதியின் பெயரில் என்றைக்கோ தொடங்கி அவள் மறந்தே போயிருந்த முகநூல் கணக்கைத் திறந்து எழுத ஆரம்பித்தான். அவனுடைய எண் கடையோடு போய்விட்டது. அவள் எண்தான் கையில் இருந்தது. இவ்வளவுதான் காரணம்.

"எம் பேருல என்னத்தையாச்சும் எழுதி மாட்டி விட்றாதீக" என்று அன்றைக்கு அவள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் மறுபடி எதையோ செய்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவன் எழுதியதெல்லாம் இப்படித்தான் இருக்கும். 'புதுப்போனைச் சார்ஜர் இல்லாம விக்கிறாக. அடுத்த வருசம் போன் இல்லாம டப்பாவை மட்டும் விப்பாக, அதுக்கும் வரிசையில நிப்போம்.' 'இந்தச் சுடுற கேம்ல செத்தா மூணு செகண்டுல எந்திரிச்சிரலாம். அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. செத்தவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?' 'செயற்கை நுண்ணறிவு எதைக் கேட்டாலும் பதில் சொல்லுது. எங்கப்பாவும் அப்படித்தான். ஒருவாட்டியாச்சும் தெரியலைன்னு சொன்னா நம்பலாம்.' ஒவ்வொன்றின் முடிவிலும் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைப் போடுவான். அறுபது எழுபது பேர் படித்தார்கள். கடைக்கு வந்து பழகியவரான, ஆண்டிபட்டியில் டீக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை மட்டும் தினமும் மூன்று வரிக்குக் குறையாமல் சண்டை போடுவார். கர்ணன் அந்தச் சண்டைக்காகவே காலையில் எழுந்தான்.

படிவம் கொடுத்த பன்னிரண்டாம் நாள் நாகஜோதிக்கு மெமோ வந்தது. 'இல்லை' என்று அவர் உறுதியளித்த இடத்தில் இருநூற்றுப் பதினான்கு கருத்துகள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது என்றும், தனிநபர் கருத்துகள் ஒழுங்குக் குழு முன் நேரில் ஆஜராக வேண்டும் என்றும் அதில் இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் வைகுண்டராஜ். தொழில்நுட்ப உறுப்பினர் மதன்குமார். அலுவலகத்தில் புரொஜெக்டரைப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தத் தகுதி. உறுப்பினர் செயலர் கண்காணிப்பாளர் பாண்டியம்மாள். நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுதுவது அவர் வேலை.

முதல் கருத்து சுவரில் ஆளுயரத்துக்கு விழுந்தது. வைகுண்டராஜ் அதை மெல்ல வாசித்தார்.

"சார்ஜர் இல்லாம விக்கிறாக. ம். நம்ம கழகம் களப்பணியாளர்களுக்குப் பன்னிரண்டு போன் வாங்குச்சு. சார்ஜர் வரலை. இது நிர்வாக ரகசியம். இது எப்படிம்மா வெளிய போச்சு?"

"சார், அது கடையில விக்கிற போனைச் சொன்னது சார்."

"கடையில விக்கிற போனைத்தான் நாமளும் வாங்கினோம்" என்றார் தலைவர். மதன்குமார் தலையாட்டினார். பாண்டியம்மாள் எழுதினார்.

இரண்டாவதாக விளையாட்டைப் பற்றிய கருத்து வந்தது. செத்தால் மூன்று நொடியில் எழுந்துவிடலாம் என்பது ஒருவருக்கு எப்படித் தெரியும், விளையாடிப் பார்த்தால்தானே தெரியும், எப்போது விளையாடினார், அலுவலக நேரத்திலா என்று விசாரணை நகர்ந்தது. நாகஜோதி குறுக்கிட்டாள்.

"சார், இதெல்லாம் நான் எழுதுனதில்ல. எங்க வீட்டுக்காரர் எழுதுறாக. அவுகளுக்குப் பேச முடியாது. சும்மா மனசுல தோணுறத எழுதுவாக. யாரையும் வையிறதுக்கு இல்ல."

மதன்குமார்தான் முதலில் பேசினார்.

"சார், சொத்து ஒருத்தர் பேர்ல இருந்து அனுபவிக்கிறது வேற ஒருத்தரா இருந்தா அதுக்கு ஒரு பேர் உண்டு."

"பினாமி" என்றார் வைகுண்டராஜ். அவர் முகம் தெளிந்தது. "பினாமிக் கருத்து. எழுதுங்க மேடம்."

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நாகஜோதிக்கு நல்லதைச் சொல்கிற குரலில் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கருத்துச் சுதந்திரத்துக்கு இந்தக் கழகத்தை விடப் பெரிய காவலன் கிடையாது. யார் வேணா என்ன கருத்து வேணா வச்சுக்கலாம். வெளிய எடுக்கும்போதுதான் சிக்கல். என்னையே எடுத்துக்கங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஒரு கருத்து கிடையாது. ஆறு இயக்குநர் மாறினாங்க, நாலு ஆட்சி மாறிச்சு, நான் யாரைப் பத்தியும் எதையும் நினைச்சதில்லை. எனக்கு என்ன குறை? சர்க்கரைகூடக் கிடையாது."

அடுத்த அமர்வில் கணவர் நேரில் வந்து வாய்மொழி வாக்குமூலம் தர வேண்டும் என்று முடிவாயிற்று.

"வாய்மொழியா எப்படிங்க சார்? குரல்வளையவே எடுத்துட்டாங்க."

"அதுக்குச் சான்று இருக்கா?"

மறுநாள் மதுரை மருத்துவமனையின் சான்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழு அதைப் பரிசீலித்துத் திருப்பி அனுப்பியது. குரல் அகற்றப்பட்டதற்கு மட்டுமே சான்று உள்ளது, கருத்து அகற்றப்பட்டதற்குச் சான்று இல்லை, எனவே ஆஜராவதிலிருந்து விலக்களிக்க இயலாது என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

வீட்டில் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே கர்ணன் கண்டுபிடித்துவிட்டான். கைபேசியில் எழுதி, அதைப் பேசவைக்கும் பொத்தானை அழுத்தினான். அவனுக்காகப் பேசும் அந்தக் குரல் ஒரு பெண்ணின் குரல். தமிழில் அந்தப் போனுக்கு இருந்தது அது ஒன்றுதான். செய்தி வாசிப்பவளைப் போல ஏற்ற இறக்கமில்லாமல் பேசும்.

"என்ன ஆச்சு" என்றது அந்தக் குரல்.

அவள் சொன்னாள். பினாமிக் கருத்து என்ற இடத்தில் அவன் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிப்பது அப்படித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டான்.

"நானே வந்து என் கருத்துதான்னு சொல்றேன்" என்றது குரல். "உன்னைய விட்ருவாங்க."

விசாரணை அன்று காலை அவன் சட்டையைத் தானே தேய்த்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் தேய்த்த சட்டை போட்டது அன்றுதான். கழுத்துக்குச் சலவை செய்த வெள்ளைத் துணி. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் தட்டிக்கொண்டே வந்தான். கடைக்குப் போகிற ஆளைப் போல இருந்தான். நாகஜோதிக்கு அன்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குழுவின் முன் நின்று பொத்தானை அழுத்தினான்.

"ஐயா வணக்கம். என் பெயர் கர்ணன். அந்த இருநூற்றுப் பதினான்கும் என்னுடையவை. என் மனைவிக்குப் போனில் போட்டோ எடுக்க மட்டும்தான் தெரியும். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

பழக்கத்தில் கடைசியில் மஞ்சள் முகத்தைப் போட்டுவிட்டிருந்தான். எந்திரம் அதையும் வாசித்துவிட்டது.

வைகுண்டராஜ் நிமிர்ந்தார். "இது யார் குரல்?"

கர்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"பெண் குரலா இருக்கே."

"போன்ல அது ஒண்ணுதான் சார் இருக்கு" என்றாள் நாகஜோதி.

"நீங்க இருங்கம்மா. சாட்சி பேசட்டும்."

கர்ணன் வேகமாகத் தட்டினான். அவசரத்தில் எழுத்துகள் மாறின. "ஐயா எனக்குக் குறள் இல்லை" என்றது பெண் குரல். குறிப்பேட்டில் பாண்டியம்மாள் எழுதியது அப்படியே இருக்கிறது: 'சாட்சி பெண் குரலில் வாக்குமூலம் அளித்தார். தமக்குத் திருக்குறள் தெரியாது என்றும் தெரிவித்தார். கண்ணீருடன் சிரிக்கும் முகம் எனவும் கூறினார். ஆனால் சாட்சியின் முகத்தில் கண்ணீரோ சிரிப்போ காணப்படவில்லை.'

குரல் பெண்ணுடையது, கணக்கு பெண்ணுடையது, ஆகவே கருத்துகளும் நாகஜோதியுடையவையே என்று குழு முடிவு செய்தது. கருணை அடிப்படையில் பணியிடைநீக்கம் இல்லை. இனி அந்த வீட்டிலிருந்து எந்தக் கணக்கில், யார் பெயரில் கருத்து வெளியானாலும் ஏழு வேலை நாட்களுக்கு முன்பே மூன்று பிரதிகளில் அனுமதிக்கு அனுப்ப வேண்டும் என்று நாகஜோதியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் எழுதிக் கொடுத்தாள். கர்ணனின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அவள் வேலையோடு சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.

வெளியே வரும்போது பாண்டியம்மாள் பின்னாலேயே வந்து நாகஜோதியின் கையைப் பிடித்தார். "ஏத்தா, நான் என்ன செய்ய? அவுக சொன்னாக, நான் எழுதினேன். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

முதல் மாதம் கர்ணன் இதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டான். ஐந்து கருத்துகளை மூன்று பிரதிகளில் அனுப்பினான். திருத்தங்களுடன் திரும்பி வந்தன. சார்ஜரைப் பற்றியது, 'கைபேசிகள் சார்ஜருடனும் சார்ஜர் இன்றியும் கிடைக்கின்றன' என்று ஆகியிருந்தது. ஒரு கேமின் புது வடிவத்தைவிடப் பழையதே நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தான். 'பழையதும் புதியதும் அவ்வவற்றின் அளவில் சிறந்தவை' என்று வந்தது. கிரிக்கெட் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்ற கருத்துக்கு, பந்தயம் முடிந்து ஆறு நாள் கழித்து, இரு அணியினரும் வெற்றிபெற வாழ்த்தலாம் என்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது.

அனுமதிக்கப்பட்டதை அப்படியே வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. வெளியிட்டான். அய்யாத்துரை முதல்முறை சிரித்தார். இரண்டாம் முறை, 'தம்பி, உடம்புக்கு ஏதும் செய்யுதா?' என்று கேட்டார். மூன்றாம் முறை, 'யாரோ கணக்கத் திருடிட்டாங்க போல, இது எங்க ஆளு எழுதுறது கெடயாது' என்று மற்றவர்களுக்கு எச்சரிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரோடு மற்றவர்களும் போனார்கள். நான் இங்கனதான் இருக்கேன் என்று அய்யாத்துரைக்கு ஒரு பதில் எழுதக் கர்ணன் நினைத்தான். பதிலும் கருத்துதானா என்று கேட்டு நாகஜோதி மூலம் ஒரு மனு அனுப்பினான். மனு நிலுவையில் இருந்தது.

அதன் பிறகு அவன் எதுவும் அனுப்பவில்லை. கேமையும் அழித்துவிட்டான். நாகஜோதி பேருந்தில் யாராவது பேசிக்கொண்டதை வந்து சொல்வாள். ஏதோ ஒரு போன் தீப்பிடித்ததாம், ஏதோ ஒரு நாட்டில் பிள்ளைகளுக்குப் போனே கூடாது என்று சட்டமாம். அவன் கேட்டுக்கொள்வான். போனை எடுக்க மாட்டான். அவளே கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து அவன் முன் வைப்பாள். "எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." அவன் அந்தப் போனைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி வைப்பான்.

ஆவணியில் நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. மதுரையில் சேர்த்தார்கள். காப்பீட்டு அட்டை நன்றாகவே வேலை செய்தது. அதை மட்டும் குறைசொல்ல முடியாது.

ஒரு மத்தியானம் வார்டில் வேறு சத்தமில்லை. மேலே மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. கடை வைத்திருந்த காலமாக இருந்தால் அந்த மின்விசிறியைப் பற்றியே அவன் அரைமணி நேரம் பேசியிருப்பான். நாகஜோதி போனை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்ன நினைக்கிறீக?"

நெடுநேரம் கழித்துத் தட்டினான். 'எதைப் பத்தி?'

"எதைப் பத்தியாச்சும் சொல்லுங்க. என்னையப் பத்தி வேணும்னாலும் சொல்லுங்க. வைங்க. சண்டை போடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். உண்மையிலேயே தேடிப் பார்க்கிறவனைப் போல அவன் கண்கள் மேலும் கீழும் போயின. பிறகு தட்டினான்.

'ஒண்ணும் தோணல ஜோதி.'

பொத்தானை அழுத்தவில்லை. அவளே வாசித்துக்கொண்டாள். அது நடந்து ஐந்தாம் நாள் அவன் இறந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது கழகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பணியாளரின் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் கூட்டம் நடத்த வேண்டும் என்பது நலன் குழுவின் விதி. கூட்டத்தில் வைகுண்டராஜ் பேசினார். அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

"மறைந்த கர்ணன் அவர்களை நான் ஒரே ஒரு முறைதான் சந்திச்சேன். அன்னைக்கு அவர் வாயைத் திறக்கவே இல்லை. அந்த அடக்கம் என்னை ரொம்பக் கவர்ந்துச்சு. ஆரம்பத்துல அவர் வீட்டுல சில கருத்துகள் இருந்தது உண்மைதான். நம்ம குழு தக்க நேரத்துல வழிகாட்டுச்சு. கடைசி மாசங்கள்ல அவர்கிட்ட எந்தக் கருத்தும் இல்லைன்னு கேள்விப்பட்டேன். ஒரு மனிதர் இவ்வளவு அமைதியா வாழ்ந்து போறதுக்கு நம்ம கழகம் ஒரு சிறு காரணமா இருந்திருக்குன்னா, அது நமக்குக் கிடைச்ச பேறு."

எல்லோரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். 'எவ்விதக் கருத்துமின்றி வாழ்ந்து மறைந்த திரு. கர்ணன் அவர்களுக்கு' என்று தொடங்கும் தீர்மானம் குறிப்பேட்டில் ஏறியது. அதன் நகலை உறையில் போட்டு நாகஜோதியிடம் கொடுத்தார்கள்.

அவள் அதை நின்றபடியே படித்தாள். பிறகு பாண்டியம்மாளின் மேசைக்குப் போனாள்.

"அக்கா, இந்த வரியை எடுத்துருங்க."

"எந்த வரி?"

"கருத்தில்லாம வாழ்ந்தாகங்கிறது."

"தீர்மானம் ஆயிருச்சேத்தா. இனி திருத்தப் படிவம் குடுத்தாத்தான்."

படிவம் வாங்கினாள். திருத்தக் கோரும் காரணம் என்ற இடத்தில் 'பொய்' என்று ஒரு சொல் எழுதிக் கொடுத்தாள். நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. 'பொய்' என்பது தகவலா கருத்தா என்பதைத் தெளிவுபடுத்தவும், கருத்தெனில் முன் அனுமதி பெற்ற நகலை இணைக்கவும் என்று அதில் வைகுண்டராஜ் பச்சை மையில் எழுதியிருந்தார்.

நாகஜோதி படிவத்தை இரண்டாக மடித்து வைத்தாள். மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாண்டியம்மாள் கடைசியாகப் போகும்போது, "வரலையாத்தா?" என்று கேட்டார். "ஒரு கோப்பு இருக்குக்கா. அடுக்கிட்டு வர்றேன்" என்றாள். கோப்புப் பிரிவின் அலமாரிச் சாவி பத்து வருடமாக அவளிடம்தான் இருந்தது.

நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தைத் தேடிப்பிடித்தாள். 'எவ்விதக் கருத்துமின்றி' என்ற சொற்களின் மீது அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே சிறிய எழுத்தில், நிதானமாக, 'எல்லாவற்றைப் பற்றியும் கருத்துடன்' என்று எழுதினாள். திருத்தம் செய்தவர் ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும் என்பது விதி. இரண்டையும் இட்டாள். மை உலரும்வரை ஊதினாள்.

குறிப்பேட்டை அதன் இடத்தில் வைத்து, அலமாரியைப் பூட்டி, ஐந்து நாற்பதுக்கு வந்த வத்தலக்குண்டு பேருந்தில் ஏறினாள். மறுநாள் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். அடுத்த வாரமும் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அந்தக் குறிப்பேட்டில் எழுதப்பட்டதை அதுவரை எவரும் எடுத்துப் படித்ததில்லை; அதற்குப் பிறகும் எவரும் படிக்கவில்லை.